தொண்ணூறு நாள் அந்நியன்

திங்கட்கிழமை தபாலில் எனக்கு வருவது
ஓர் ஆளின் வயிறு.
பழுப்பு உறை. உள்ளே
விடுதிக் கணக்கு, டீசல் ரசீது,
ஓரமெல்லாம் கிரீஸ் விரல்.
ஹில்கோ டார்க்ஸ், இயந்திரம் பொருத்துபவன்.
எம்டனிலிருந்து கோர்லிட்ஸுக்கு,
ஜெர்மனியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு,
ஜனவரி ஆறாம் தேதி வேனில் கிளம்பினான்.
அங்கே ஒரு காகித ஆலை நின்றுபோயிருந்தது.
ஆலை நின்ற பிறகுதான்
என் மேசையில் காகிதம் குவிகிறது.

ரொட்டிக்கடைச் சீட்டும் அனுப்புவான்.
சாப்பாட்டுக்கு ரசீதே வேண்டாம், படி மொத்தமாகத்தான்
என்று நாலு தடவை சொல்லியாயிற்று.
அனுப்புகிறான்.

புறப்படும் நாளுக்குப் பதினான்கு யூரோ.
முழுநாளுக்கு இருபத்தெட்டு.
திரும்பும் நாளுக்கு மறுபடி பதினான்கு.
பாதி ஆள் வீட்டில், பாதி ஆள் சாலையில் என்று
நறுக்கிவைத்த கணக்கு.
இதில் வரி பிடிப்பதில்லை.
வெளியூர்ச் சாப்பாடு கையைக் கடிக்கும் என்பது
சட்டத்துக்கே தெரியும்.

விடுதியில் காலை உணவு சேர்த்தி என்றால்
ஐந்து யூரோ அறுபது கழிக்கவேண்டும்.
பிப்ரவரியில் ஒரு சீட்டின் பின்பக்கம்
பென்சிலில் எழுதியிருந்தான்:
"எனக்கு ஷிஃப்ட் நாலரைக்கு. சாப்பாட்டறை
திறப்பது ஆறரைக்கு. அந்த முட்டையை
நான் கண்ணால் பார்த்ததில்லை, வீப்கே."
பார்க்காத முட்டைக்கும் கழித்தேன்.
தந்தார்களா என்பதுதான் கேள்வி.
தின்றானா என்று யாரும் கேட்கச் சொல்லவில்லை.
ஐந்து அறுபது. ஐந்து அறுபது. ஐந்து அறுபது.
அந்த வாரம் என் முட்டையை
உப்பில்லாமல் தின்றேன், ஏனென்று தெரியாமல்.

ஏப்ரலில் நானே கூப்பிட்டேன்.
"மூன்று மாதம் ஆகிவிட்டது ஹில்கோ.
கம்பெனி படியை நிறுத்தாது. ஆனால்
இனி அது சம்பளம் மாதிரி. வரி பிடிப்பேன்."
"அதே விடுதி. அதே ஆலை. என்ன மாறிவிட்டது?"
"நீ."

சட்டத்தின் நினைப்பு அது.
மூன்று மாதத்தில் ஒருவனுக்கு ஊர் பிடிபட்டுவிடும்:
சூப் எங்கே மலிவு,
எந்தக் கறிக்கடையில் மதியம் சூடாக ஒரு தட்டு,
எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் விடும்.
பிடிபட்டவனுக்கு எதற்கு அந்நியன் படி?

மறுமுனையில் கொஞ்சநேரம் இயந்திர இரைச்சல்.
"அப்படியானால் நான் இந்த ஊர்க்காரன்."
"வரிக்கு மட்டும்."
"ரொட்டிக்கடையில் இன்னும்
'அந்தக் கடற்கரை ஆள்'தான். பேர் கேட்கவில்லை."
"நாலு வாரம் அங்கிருந்து விலகி இரு.
திரும்பப் போகும்போது மறுபடி அந்நியன்.
கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்."
சிரித்தான். நானும் சிரித்துவிட்டு
போனை வைத்தேன்.

நாலு வாரத்தில் ஓர் ஊர் மறந்துவிடுமாம்.
விவாகரத்தாகி ஆறு வருஷம்.
நோர்டனில் ஒரு சமையலறை,
ரொட்டிக்கத்தி எந்த இழுப்பறையில் என்று
என் கை இன்னும் சொல்லும்.
இதை எந்த அலுவலகத்தில் தாக்கல் செய்வது?

மே, மூன்றாம் வாரம். பழுப்பு உறை.
விடுதி. டீசல். டீசல்.
அடியில் நாலாக மடித்து,
நைஸ ஆற்றங்கரைக் கடை ஒன்றின் சீட்டு,
ஞாயிறு மாலை நான்கு மணி பத்து நிமிஷம்:
காபி இரண்டு.
கசகசா கேக் ஒன்று.
பின்பக்கம் அதே பென்சில்:
"முள்கரண்டி இரண்டு கேட்டோம்."

படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.
இதற்கு அதில் வரி இல்லை.
வந்த தேதியை மட்டும்
முத்திரை குத்தி வைத்தேன்.